சீனிக் கந்தோர்

கடிதத்தில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் உசனாரைக் கவிழ்த்தது. பிழையோடு வருகிற கடிதத்தைக் காத்தான்குடி யாபாரி இரண்டு தரம் வாசிப்பான். வழவழப்பான தாளில், இலட்சினையும் முத்திரையுமாக வந்தால் ஒரு தரம் வாசித்துவிட்டு நம்பிவிடுவான்.

"அன்புடையீர், கரையோர மக்களுக்கான நோய்த் திரையிடல் எதிர்வரும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் நடைபெறும். அளவுகள் எடுக்கப்படும். 35 இற்கு மேற்பட்டவை மாத்திரம் ஏற்றுக்கொள்ளப்படும்."

மெயின் வீதியில் இருபத்தேழு வருடம் துணி விற்ற மனிதர் இதை வேறு எப்படி விளங்கிக்கொள்வார்? நோய்த் திரை என்றால் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தொங்குகிற திரைச்சீலை. அளவு எடுப்பது ஜன்னலுக்கு. முப்பத்தைந்துக்கு மேல் என்றால் சீலையின் அகலம். காத்தான்குடித் தறியில் முப்பத்தாறு அங்குலம் தாராளமாக வரும். கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போய் ஏழு மாதம். வெள்ளைக்காரர்கள் கட்டிக் கொடுத்த வீடுகளுக்குக் கூரை வருமுன் ஜன்னல் வந்துகொண்டிருந்த காலம். திரைச்சீலைக்கு ஓடர் வருவதில் என்ன அதிசயம்?

ஆங்கிலத்தில் 'ஸ்கிரீனிங்' என்று இருந்ததைக் கொழும்பில் ஒருவர் அகராதி பார்த்துத் 'திரையிடல்' ஆக்கியிருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை 'மேற்பட்டவை' ஆக்கியதும் அவர்தான். பரிசோதனை என்று எழுதினால் ஏழைச்சொல்லாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தப் புதன்கிழமை ஊரில் பாதிப்பேர் படம் காட்டப்போகிறார்கள் என்று பாயோடு வந்திருந்தார்கள். உசனார் மட்டும் ஆறு மாதிரித் துணிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

வாசலில் கேதீஸ்வரி நின்றாள். கிரான் பக்கத்துப் பிள்ளை. கழுத்தில் அளவு நாடா, மார்பில் இலட்சினை. நாடாவைக் கண்டதும் உசனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"காக்கா, கையத் தூக்குங்க," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

தூக்கினார். அவள் அவருடைய இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டு, "தொண்ணூத்தேழு" என்றாள்.

"என்ட இடுப்பு என்னத்துக்குப் புள்ள? ஜன்னல் அளவச் சொல்லு. எத்தின கட்டில்?"

"கட்டில் இல்ல காக்கா. கையத் தாங்க."

கையைக் கேட்டால் ஓடர் உறுதி என்று அர்த்தம். உசனார் சந்தோசமாக நீட்டினார். அவள் விரல் நுனியில் சுருக்கென்று ஒன்று குத்தி, வந்த இரத்தத்தை ஒரு சின்ன இயந்திரத்துக்குக் கொடுத்தாள். இயந்திரம் யோசித்தது. பிறகு இருநூற்று எண்பத்தேழு என்றது.

கேதீஸ்வரி கூப்பிட, இணைப்பாளர் ஜெயரூபன் ஓடி வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர். இலக்கத்தைப் பார்த்தார், உசனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், மண்டபத்தைப் பார்த்துக் கைதட்டச் சொன்னார். பாயோடு வந்தவர்கள் படம் தொடங்கிவிட்டதென்று நினைத்துத் தட்டினார்கள்.

"வாழ்த்துக்கள் காக்கா! நீங்கதான் எங்கட முதலாவது கண்டறிவு."

"என்னத்தத் தம்பி கண்டுபிடிச்ச?"

"ஒங்களத்தான்."

"நான் இருவத்தேழு வருசமா மெயின் வீதியிலதானே இரிக்கன்?"

ஜெயரூபன் சிரித்து, அவருக்கு நீரிழிவு, அதாவது சீனி வருத்தம் என்பதை விளக்கினார். ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார். இலட்சினை போட்ட ரீசேட் சட்டை ஒன்று கொடுத்தார். உசனார் அதன் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, மூன்று அலசலுக்கு மேல் தாங்காது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். பிறகு கொழும்பிலிருந்து வந்த பெரிய பணிப்பாளர் மேடையேறினார்.

"இதுவரை இந்த மக்களுக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது," என்றார் பணிப்பாளர். "அறியாமையில் நிம்மதியாக வாழ்ந்து வந்தார்கள். அந்த நிலையை இரண்டு வருடத்துக்குள் முற்றாக ஒழித்துக்கட்டுவோம். ஐயாயிரம் பேரைக் கண்டறிவது எமது இலக்கு. அதற்குப் பின்னர் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குப் பின்னர் அறிக்கை!"

உரை முடியச் சிற்றுண்டி வந்தது. சாதாரண ஆட்களுக்கு ஒரு கேக் துண்டு. கண்டறியப்பட்டவர்களுக்கு, அவர்களை ஊக்குவிக்கும் உபகுழுவின் தீர்மானப்படி, இரண்டு. உசனார் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு ஜெயரூபனிடம் போனார்.

"தம்பி, கொஞ்ச நாளா காலு பஞ்சில நடக்கிற மாதிரி இரிக்கி. செருப்புக் கழண்டு போனாலும் தெரியிதில்ல. இந்த மாசம் மட்டும் மூணு ஒத்தச் செருப்பு போயிட்டு. இதுக்கும் சீனிக்கும் சம்மந்தம் இரிக்கா?"

"இரிக்கும் காக்கா. ஆனா காலு எங்கட வேலைக்குள்ள வராது. எங்களுக்கு விரல் நுனி மட்டும்தான்."

"குளிசை?"

"குளிசை எண்டா சிகிச்சை. நாங்க கண்டறிதல்."

இதில் வாதாட என்ன இருக்கிறது? தறிக்காரனிடம் போய்ச் சட்டை தைக்கச் சொல்லலாமா? உசனார் மாதிரித் துணிகளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து ஊரில் அந்தக் கருத்திட்டத்துக்கும் அதன் அலுவலகத்துக்கும் பெயர் சீனிக் கந்தோர்.

அடுத்த கிழமை அவர் ஆஸ்பத்திரி கிளினிக்கில் போய் வரிசையில் நின்றார். சீனிக்குரிய மருந்துக் குளிசை அங்கே இலவசம். வரிசை முடிந்து மேசைக்கு வந்தபோது எழுதுவினைஞர் பெயரைக் கேட்டார், பட்டியலைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"ஒங்கட பேரு கருத்திட்டத்தில இரிக்கி. ஒரு ஆளு ரெண்டு இடத்தில பதிய ஏலா. அவங்ககிட்ட விடுவிப்புக் கடிதம் வாங்கிட்டு வாங்க."

உசனார் சீனிக் கந்தோருக்குப் போனார்.

"விடுவிப்பா?" ஜெயரூபன் நெஞ்சில் கைவைத்தார். "காக்கா, ஒங்கள விட்டா எங்கட தக்கவைப்பு வீதம் விழுந்திரும். இப்ப நூத்துக்கு நூறு. ஒரு ஆளயும் விட்டதில்ல."

"குளிசையும் தாறல்ல, ஆளையும் விடுறல்ல. இது என்ன மாதிரிக் கடை தம்பி?"

"கடை இல்ல காக்கா. சேவை."

வீட்டில் மனைவி நபீஸா கதையைக் கேட்டுவிட்டு, "இஞ்சருங்க, பாமசியில காசக் குடுத்து வாங்கினா என்ன? கடை முங்கியா போகும்?" என்றாள்.

"சும்மா தாற சாமானக் காசுக்கு வாங்குறவன் யாபாரியா?" என்றார் உசனார். அந்தக் கேள்விக்கு மெயின் வீதியில் அன்றும் இன்றும் ஒரே பதில்தான். நபீஸாவும் யாபாரி மகள்தான்.

ஆறு மாதம் போனது. சீனிக் கந்தோருக்குள் ஒரு அலுமாரி நிறையக் குளிசை வந்து இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு உசனார் ஓடினார். உண்மைதான். ஏதோ ஒரு நாட்டுச் சனம் உண்டியல் குலுக்கி அனுப்பியது. ஆனால் சுனாமிப் பணத்தில் வந்த குளிசை. சுனாமியால் பாதிக்கப்பட்ட சீனிக்கு மட்டுமே கொடுக்கலாம். எது சுனாமிச் சீனி, எது சும்மாச் சீனி என்று பிரித்துப் பார்க்க ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

அங்கேதான் உசனாருக்கு வினாயகமூர்த்தி பழக்கமானார். குருக்கள்மடத்துக்காரர், வாவியில் வலை வீசுகிறவர், அவரும் மஞ்சள் அட்டை. வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இரண்டு மணித்தியாலத்தில் மச்சான் முறையாகிவிட்டார்கள்.

"உங்களுக்குச் சீனி எப்போது வந்தது?" என்று குழுத் தலைவர் உசனாரைக் கேட்டார். "அலைக்கு முன்னரா, பின்னரா?"

"எனக்கு எப்பிடி ஐயா தெரியும்? கண்டுபிடிச்சது நீங்கதானே?"

தலைவர் வரைபடத்தை விரித்து அடிமட்டம் வைத்தார். "உங்கள் வீடு கடலிலிருந்து இருநூற்று முப்பது மீற்றர். எமது எல்லை இருநூறு."

"வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்த ஐயா. குர்ஆன் வெச்ச தட்டு மட்டும்தான் நனையாமக் கிடந்த."

"தண்ணீர் விதியை மீறியிருக்கலாம்," என்றார் தலைவர் பொறுமையாக. "நாங்கள் மீற முடியாது."

அடுத்து வினாயகமூர்த்தி. அவருடைய குடிசை வாவிக் கரையில். தலைவர் அடிமட்டத்தை எடுக்கவே இல்லை. "அலை வந்தது கடலிலிருந்து. உங்களுடையது வாவிச் சீனி. அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை."

"அப்ப நான் கடல்ல போய் ஒருக்கா முங்கிட்டு வரட்டோ ஐயா?"

குழு தங்களுக்குள் குசுகுசுத்தது. செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார்: பயனாளி ஒத்துழைக்கத் தயாராக உள்ளார்.

இருநூறு மீற்றருக்குள் வீடிருந்தவர்களை அரசாங்கம் ஏற்கெனவே வேறிடத்துக்கு அனுப்பியிருந்தது. ஆகவே தகுதியுள்ள ஒரு சீனிகூடக் கிடைக்கவில்லை. அலுமாரியிலேயே குளிசைகளுக்குத் திகதி முடிந்தது. அவற்றை எரிப்பதற்கு ஒரு சிறிய வைபவம் வைத்தார்கள். உசனாருக்கு அழைப்பிதழ் வந்தது.

பிறகு யுத்தம் கிழக்கில் மறுபடி எழும்பியது. படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து வந்து பாடசாலைகளில் படுத்தது. சுனாமிப் பணம் வற்றிப்போக, இடம்பெயர்ந்தோர் பணம் பெருக்கெடுத்தது. சீனிக் கந்தோர் பெயர்ப்பலகையை மாற்றி, ரீசேட்டின் நிறத்தை மாற்றி, முதல் ஆளிலிருந்து திரும்பவும் கண்டுபிடிக்கத் தொடங்கியது. பழைய கண்டறிவுகள் பழைய நிதிக்குரியவை. புது நிதிக்குப் புதுக் கண்டறிவு வேண்டும். உசனார் மறுபடி குத்தப்பட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி கைதட்டல்.

"தம்பி, என்னத்தான் முந்தியே கண்டுபிடிச்சிட்டீங்களே?"

"அது சுனாமியில காக்கா. இது யுத்தம்."

பாடசாலை மண்டபத்துக்கு இரண்டு கதவு. இடது பக்கக் கதவில் நிவாரணக்காரர் ஆளுக்கு இவ்வளவு என்று கோதுமை மாவும் சீனியும் அளந்தார்கள். வலது பக்கக் கதவில் சீனிக் கந்தோர் இரத்தத்தில் சீனி பார்த்தது. சனம் இடதால் புகுந்து வலதால் வெளியே வந்தது. இரண்டு பக்கத்திலும் இலக்கு எட்டப்பட்டது.

உணவு முறை பற்றிப் பேசக் கொழும்பிலிருந்து ஒரு அம்மணி வந்தார். ஒலிவ் எண்ணெய், ஓட்ஸ், அப்பிள், ப்றொக்கோலி என்று திரையில் படம் படமாகக் காட்டினார். இரண்டு வருடத்துக்குப் பிறகாவது ஊருக்குப் படம் காட்டினார்களே என்று சிலருக்குத் திருப்தி. மாவுப் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அம்மா, ப்றொக்கோலி எண்டா என்ன மீன்?"

"அது பச்சை நிறமாக இருக்கும்," என்றார் அம்மணி.

"பாசி புடிச்ச மீனாக்கும்," என்று வினாயகமூர்த்தி பின்வரிசையிலிருந்து விளக்கம் கொடுத்தார். "எங்கட வாவியில மாரியில வரும். வாயில வைக்க ஏலா."

அம்மணி அதையும் எழுதிக்கொண்டார்: மீன் உண்பதில் ஆர்வம் காணப்படுகிறது.

உணவுக்கு அடுத்தது உடற்பயிற்சி. முன்மாதிரி நடப்பாளராக உசனாரைத் தெரிவு செய்தார்கள். தினமும் விடிய ஐந்தரைக்கு அரை மணித்தியாலம் வேகமாக நடக்க வேண்டும். கையில் எதுவும் இருக்கக் கூடாது. வழியில் நின்று கதைக்கக் கூடாது. உசனார் சுபஹு தொழுதுவிட்டு முதல் நாள் நடக்கப் போனார். சந்திச் சென்றிக் காவலரணில் ஆமிக்காரப் பொடியன் ஒருவன் மறித்தான்.

"எங்க போறது?"

"எங்கயும் போறல்ல."

"ஏன் ஓடுறது?"

"ஓடல்ல தம்பி. கெதியா நடக்கன். மெல்ல நடந்தா சீனி இறங்காதாம்."

"எங்க இறங்குறது?"

அந்த நாளில் எங்கேயும் போகாத ஒருவன், கையில் ஒன்றுமில்லாமல், இருட்டோடு இருட்டாக, அவசரமாக நடந்தால் ஆமி என்ன நினைக்கும்? மணல்மூட்டைக்குப் பக்கத்தில் குந்தவைத்தார்கள். ஏழரை மணிக்கு ஜெயரூபன் கந்தோர்க் கடிதத்தோடு வந்து சேர்ந்தார். "மேற்படி உசனார் எங்கும் போவதில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்" என்று மூன்று மொழியிலும் அடித்து முத்திரை குத்தியிருந்தது.

பொடியன் கடிதத்தை வாசித்துவிட்டு உசனாரைப் பார்த்தான். "சீனி? எங்கட அப்பாவுக்கும் சீனி. என்ன குளிசை?"

"எனக்கு இன்னும் தரல்ல."

"கிளினிக் சும்மா தாறதுதானே? அப்பா எடுக்கிறது."

"ஒங்கட அப்பாவ ஒருத்தரும் கண்டுபிடிக்கல்ல போல," என்றார் உசனார். "குடுத்து வெச்ச மனிசன்."

எழும்பி வீட்டுக்கு நடந்தார். வாசலில் நபீஸா காலைப் பார்த்து, "மற்றச் செருப்பு எங்க?" என்று கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு மணித்தியாலக் குந்தலும் அன்றைய உடற்பயிற்சிப் படிவத்தில் ஏறியது.

யுத்தமும் முடிந்தது. பலகையில் இப்போது 'மீள் எழுச்சி' என்று எழுதியிருந்தது; ரீசேட் பச்சை. உசனார் அதற்குள் ஆறு தடவை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார். வீட்டில் ஆறு ரீசேட்டும் தரை துடைத்துத் தேய்ந்தன. இடையில் மூன்று தரம் விடுவிப்புக் கடிதம் கேட்டுப் போனார். ஒரு தரம் கையெழுத்துப் போடுகிறவர் பயிற்சிக்குப் போயிருந்தார். ஒரு தரம் விடுவிப்புக்கான படிவம் இல்லை என்றும், அப்படியொன்று தேவையென்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள். மூன்றாவது தரம் இன்னொரு முறை குத்தி அனுப்பினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போகக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். குளித்தார், சாரம் மாற்றினார், சோறு கேட்டார். நபீஸா சோற்றுக் கோப்பையோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும், கிணற்றடியிலிருந்து அறை வரைக்கும் சீமெந்துத் தரையில் வலது காலின் அடையாளம் மட்டும் சிவப்பாகக் கிடந்தது. துணிப் பெட்டியின் ஆணியொன்று சின்ன விரலுக்கடியில் செருப்பையும் துளைத்துக்கொண்டு ஏறியிருந்தது. அரை நாள் அதோடு நடந்திருக்கிறார்.

"நோகல்லியா?"

"இல்ல," என்றார் உசனார். அந்த இல்லை அவருக்கே பயமாக இருந்தது.

ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. சின்ன விரல் கறுத்தது. அதற்கு அடுத்ததும் நிறம் மாறத் தொடங்கியது. நபீஸா இப்போது கேட்பதை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினாள். உசனார் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, கடிதத்தோடுதான் திரும்புவேன் என்று நிய்யத்து வைத்துச் சீனிக் கந்தோருக்குப் போனார்.

கந்தோரில் ஒருவரும் இல்லை. எல்லோரும் பட்டண மண்டபத்தில் நிறைவு விழா வேலையில் இருந்தார்கள். உசனார் முச்சக்கர வண்டி பிடித்து அங்கே போனார். மண்டப வாசலில் இறங்கியவர் தன்னையே கண்டார். ஆளுயரத்துக்கு மேல் பதாகை. அதில் அவருடைய முகம், நாலு வருடத்துக்கு முந்திய சிரிப்பு. கீழே: 'எமது ஐயாயிரமாவது கண்டறிவு'.

ஜெயரூபன் பாய்ந்து வந்து அவரை மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"காக்கா! ஒங்களத் தேடி இப்பத்தான் வாகனம் அனுப்பின. நாலாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது முடிஞ்சிட்டு. ஒரே ஒரு குத்து. வெளிநாட்டு ஆக்கள் வந்துகொண்டிரிக்காங்க."

"கடிதம்."

"அத நாளைக்குப் பாப்பம் காக்கா."

"அப்ப விரலையும் நாளைக்குப் பாப்பம்."

"காக்கா, குடை ஒண்டு தாறன்."

உசனார் கூரையைப் பார்த்தார்.

"சுவர்க் கடிகாரம். பெரிசு."

"தம்பி, நாலு வருசமா எனக்கு நேரம் காட்டினது போதும். கடிதம்."

"வேற ஆளப் புடிச்சிக் குத்துவன்," என்று ஜெயரூபன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"குத்துங்க. வாசல்ல என்ட மூஞ்சிய நாலு கெசத்துக்கு அடிச்சித் தொங்கவிட்ட பொறகா பேரம் பேச வாற?" உசனாருக்கு நாலு வருடத்தில் முதல் தடவையாகத் தன் கடைக்குள் நிற்பது போல இருந்தது. "இப்ப ரெண்டு கடிதம். ஒண்டு எனக்கு, ஒண்டு குருக்கள்மடம் வினாயகமூர்த்திக்கு."

"இப்பத்தானே ஒண்டு கேட்ட?"

"அது வெள்ளக்காரன் வர முந்தின விலை. அந்தா, கார்க் கதவு சாத்துற சத்தம் கேக்குது. இன்னும் அஞ்சு நிமிசம் சுணங்கினா மூணு கேப்பன்."

நாலு வருடத்தில் எழுதப்படாத கடிதம் நாலு நிமிடத்தில் இரண்டாக எழுதப்பட்டது. முத்திரை குத்தப்பட்டது. உசனார் வெளிச்சத்தில் பிடித்துக் கையெழுத்தைச் சரிபார்த்து, மடித்து மடியில் செருகிக்கொண்டு மேடையேறினார். "காக்கா, காலை மேசைக்குக் கீழ வையுங்க," என்று ஜெயரூபன் காதுக்குள் சொன்னார். "படத்தில விழப்படாது."

பெரிய பணிப்பாளர் பேசினார். "இன்று ஐயாயிரம் கண்டறிவுகள்! ஐயாயிரம் பேரா என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டார். அறுநூறு பேரே இருந்தாலும் என்ன? ஒருவரை ஒரு தடவை கண்டறிவது யாராலும் முடியும். அதே மனிதரைக் களைப்பில்லாமல் மீண்டும் மீண்டும் கண்டறிவதற்கு அர்ப்பணிப்பு வேண்டும்."

கைதட்டலுக்கு நடுவில் கேதீஸ்வரி உசனாரின் விரலில் குத்தினாள். முகத்துக்கு நேரே கமராக்கள். இயந்திரம் வழக்கத்தைவிட அதிகம் யோசித்தது. கடைசியில் அதில் இலக்கம் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்து வந்தது: HI.

ஜெயரூபன் எட்டிப் பார்த்தார். முகம் பூத்தது. ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "மதிப்புக்குரிய விருந்தினர்களே! எங்களுடைய இயந்திரமே உங்களைப் பார்த்து ஹாய் சொல்கிறது!"

மண்டபம் சிரித்தது. விருந்தினர்களும் இயந்திரத்துக்குக் கையசைத்தார்கள். கேதீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பஞ்சை அழுத்துவது போல உசனாரின் காதுக்கு வந்தாள்.

"காக்கா, அது ஹாய் இல்ல. அளக்க ஏலாத அளவுக்குக் கூடிட்டு எண்டு அர்த்தம். கேக்குக்கு நிக்காதீங்க. வாங்க."

அவளே பின்கதவால் கூட்டிவந்து, முச்சக்கர வண்டியில் ஏற்றி, ரீசேட்டோடு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மேடையில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சான்றிதழைப் பதாகையிலிருந்த உசனார் வாங்கியிருப்பார்.

ஆஸ்பத்திரியில் உசனார் மடியிலிருந்து தன் கடிதத்தை எடுத்து ஒவ்வொரு மேசையிலும் நீட்டினார். ஒருவரும் வாங்கவில்லை. தள்ளுவண்டி கொண்டுவந்த சிற்றூழியர்தான் எடுத்து வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது கிளினிக்குக்குக் காக்கா. வாட்டுக்கு வாறதுக்குக் கடிதம் தேவையில்ல. வருத்தம் முத்தினாக் காணும்."

வாட்டில் டொக்டர் றுக்ஷானா கட்டை அவிழ்த்தார். ஓட்டமாவடிப் பிள்ளை, வயது முப்பதுக்குள்; இரவெல்லாம் விழித்த கண்.

"எவ்வளவு காலமாச் சீனி மாமா?"

"நாலு வருசம் டொக்டர்."

"நாலு வருசமா? ஏன் முந்தியே வரல்ல?"

"வந்தன் டொக்டர். அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டாங்க."

டொக்டருக்கு விளங்கவில்லை. கேதீஸ்வரி தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு விரல் எடுக்கணும் மாமா. சின்னதும், அதுக்குப் பக்கத்ததும்."

உசனார் கட்டிலில் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். முகத்தில் பயம் இருந்தது. ஆனால் வாய் அதன் பாட்டில் முப்பது வருடப் பேரப் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"கடைசியாச் சொல்லுங்க டொக்டர்."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். திரும்பக் குனிந்து இரண்டாவது விரலை அழுத்தினார். "தெரியிதா?"

"இல்ல."

கொஞ்சம் கீழே, விரலின் அடியில் இன்னும் பலமாக அழுத்தினார். "இஞ்ச?"

உசனார் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். எங்கேயோ தூரத்தில், வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிடுவது போல ஒரு வலி வந்தது.

"நோகுது! டொக்டர், நோகுது! அல்லாட காவல், நோகுது!"

"சரி. அப்ப சின்ன விரல் மட்டும். மத்ததுக்கு ரெண்டு கிழமை பாக்கன். ஊசி, குளிசை ஒண்டும் தவறப்படாது."

"முடிஞ்ச," என்று உசனார் கையை நீட்டினார். டொக்டர் கையுறையைக் கழற்றாமலே அதைத் தொட்டார்.

பின்னேரம் நபீஸா சோற்றுப் பார்சலோடு ஓடி வந்தாள். தாதி ஒரு கடதாசிப் பையை உசனாரின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

"என்னவாம்?" என்றாள் நபீஸா மூச்சு வாங்க.

"ரெண்டு விரல் கேட்டாங்க," என்றார் உசனார். குரலில் ஒரு யாபாரியின் பெருமிதம் இன்னும் மிச்சம் இருந்தது. "ஒண்டுக்கு முடிச்சிட்டன்."

நபீஸா கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அந்த ஒண்டுக்கு நமக்கு என்ன தந்தாங்க?"

உசனார் யோசித்தார். தலையணைப் பக்கம் கையை விட்டு அந்தக் கடதாசிப் பையை எடுத்து, அவளுடைய கையில் வைத்தார்.

"குளிசை," என்றார்.